காப்பாற்ற வரும்வரை நிற்காதவள்

இப்போதெல்லாம் வீட்டில் டிவியைப் போட்டாலே யாராவது ஒருத்தர் பறந்துகொண்டிருக்கிறார். கட்டடம் சரிகிறது, பஸ் பாலத்தில் தொங்குகிறது, சனங்கள் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர் வந்து அள்ளிக்கொண்டு போகிறார். என் பிள்ளைகள் இரண்டும் கண் கொட்டாமல் பார்க்கும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பேன். ஆனால் பறக்கிறவரைப் பார்க்க மாட்டேன். கீழே நிற்கிற கூட்டத்தில் யாராவது ஓடுகிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

அப்படிப் பார்க்க என் கண்ணைப் பழக்கியவள் ஒருத்தி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேர் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். அவள் பேரைச் சொல்லி அம்மன் முன்னால் நான் ஒரு தடவை பேசியதே போதும்.

ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. கொரோனா முடிந்து வேலை திரும்பத் தொடங்கிய பிறகு நானும் அவளும் அங்கே மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். கம்பெனி என்றால் ஒரே கட்டடம் இல்லை. கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், செட்டு என்போம். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சுற்றிலும் கதவு, எல்லாமே வெளிப்பக்கம் திறக்கிற கதவு. நைலான் சேலை கூடாது, பருத்திதான். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். நாங்கள் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கை தானாகப் போகும்.

காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்துவது நானும் பாண்டியம்மாவும். திரி வைப்பது அவளும் இன்னொரு பிள்ளையும். அவள் கைவேலை அம்புட்டுச் சுத்தம். வைத்த திரி ஒன்றுகூடச் சாயாது. குறை ஒன்றே ஒன்றுதான். ஓடுவாள்.

தூக்குவாளி மூடி விழுந்தால் ஓடுவாள். கூரையில் காக்கா உட்கார்ந்தால் ஓடுவாள். எங்களை ஏற்றிவரும் கம்பெனி வேனுக்கு டயர் வெடித்த அன்று அவள் வேலிக்கே போய்விட்டாள். கத்த மாட்டாள், யாரையும் கூப்பிட மாட்டாள். கையில் இருக்கிற திரியைப் பதனமாகக் கீழே வைப்பாள், அடுத்த கண்ணிமைப்பில் ஆள் இருக்க மாட்டாள். அவள் ஓடியதைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம். எங்களைப் பார்த்து அடுத்த அறை ஓடும். வேப்பமரத்தடியில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். போர்மேன் அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவார்.

"என்னத்தா, இன்னைக்கு என்ன? காக்காவா, அணிலா?"

"பல்லி அண்ணாச்சி," என்பாள் பாண்டியம்மா. "பல்லி கத்துச்சு. அதுக்கு இந்த மகராசி வேலியத் தாண்டிட்டா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அது பின்னால் வரும்.

எங்கே போனாலும் வாசலை ஒட்டித்தான் அவள். கல்யாண வீட்டில் பந்தியில் கடைசி இலை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோயிலுக்கு வந்தாலும் அப்படித்தான், அம்மன் முகம் பாதி தெரிந்தால் போதும் அவளுக்கு, வெளியே போகிற வழி முழுசாகத் தெரியணும். நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏத்தா, உனக்கு முன்னால எங்கயும் ஏதும் நடந்துச்சா? யாரும் போய்ட்டாகளா?"

"ஒண்ணும் நடக்கல மதினி."

"பெறகு ஏன் இப்படி ஓடுத?"

"கால் ஓடுது மதினி. நான் அது பின்னால போறேன்," என்றாள்.

இதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வாங்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நச்சரிப்புத் தாங்காமல் சாத்தூரில் படத்துக்குப் போனோம். வேற நாட்டுப் படம், தமிழில் பேசுவார்கள். அவளையும் கூட்டிப்போனேன். வழக்கம்போல வரிசையின் ஓரத்து சீட்டு, சிவப்பு விளக்கு எரிகிற கதவுக்குப் பக்கம். படத்தில் ஒருத்தர் சிவப்புத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு தீக்குள் பாய்கிறார். தியேட்டரே விசிலடிக்கிறது. இவள் என் காதுக்கிட்ட குனிந்தாள்.

"மதினி, அது நைலான்தானே?"

"எது?"

"முதுகுல தொங்குதே. அந்தப் பளபளப்பப் பாருங்க. நம்ம செட்டு வாசல்லயே இவர நிப்பாட்டிருவாக."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். அவள் சிரிக்கவில்லை. திரையை விரலால் காட்டினாள். "அங்க பாருங்க, அந்தப் பச்சைச் சட்டைக்காரி. கட்டடம் சாயுது. பக்கத்துல தெரு தொறந்து கெடக்கு. மேல பாத்துகிட்டு நிக்கா. யாருக்காக நிக்கா?"

"அவரு வந்து தூக்குவாருல்ல."

"அவரு வரலன்னா?"

படம் விட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போது என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் யாரைப் பிடித்தது, யாரைப் பிடித்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். அவளிடமும் கேட்டார். "ஆரம்பத்துல ஒருத்தி நாய்க்குட்டியத் தூக்கிகிட்டு முதல் ஆளா ஓடுனாளே அண்ணே, அவதான்," என்றாள். அப்படி ஒருத்தி வந்தாளா என்று எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அவள் ஓடியதெல்லாம் வீண் ஓட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சித்திரை மாசம், மதியத்துக்கு முன்னால், காயப்போட்ட மருந்து எதிர்த் திண்டில் லேசாகப் புகைந்தது. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள், நாங்களும் போய்விட்டோம். அதற்குப் பிறகுதான் புகையே தெரிந்தது. போர்மேன் அண்ணாச்சி மணலை அள்ளிக் கொட்டினார், அமர்ந்துவிட்டது. நான் அன்று சாயங்காலம் வீட்டு விளக்கின் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போர்மேனிடம், "அவளாலதான அண்ணாச்சி தப்பிச்சோம்," என்றேன். "நெதமும் ஓடுனா ஒருநாளு சரியாத்தான் இருக்கும் தாயி," என்றார். அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. எனக்கு எப்பவும் ரெண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் படும்.

தீபாவளி சீசனுக்கு முன்னால் வடக்கே இருந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி. மேனேஜர் அவர்களை அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒருத்தர் போன் படக்கென்று கீழே விழுந்தது. அவள் போய்விட்டாள். அவள் பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் பன்னிரண்டு அறைச் சனமும். வந்தவர்களுக்கு மொழி தெரியாது, செத்தோம் என்று நினைத்து அவர்களும் ஓடி, ஒருத்தர் கருவேல முள்ளில் விழுந்துவிட்டார். மறுநாள் வேன் அவள் தெருவில் நிற்கவில்லை.

அந்த வேலைதான் அவள் வீட்டுக்கு எல்லாம். வீட்டுக்காரர் கட்டட வேலையில் விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு இருந்தார். மகள் நர்சிங் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வேற கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். அவள் போவதற்கு முன்னாலேயே அவள் ஓட்டம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "ஓடுற பிள்ளையா? வேண்டாம்த்தா, எங்க ஆளுகளும் கெட்டுப்போயிருவாக," என்றார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

பெரிய கம்பெனி இல்லை. சின்னப் பையன்கள், புதுசாகப் படம் எடுக்கிறவர்கள். நம்ம ஊர் ஆள் ஒருத்தருக்குச் சக்தி கிடைத்து எல்லாரையும் காப்பாற்றுகிற கதையாம். மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீசை வாடகைக்குப் பிடித்து உள்ளே விபத்து நடக்கிற மாதிரி எடுத்தார்கள். பொம்பளை ஆள் இருபது பேர் வேணும், சாப்பாடும் சம்பளமும் உண்டு என்று ஊருக்குள் வந்து கூப்பிட்டார்கள். கம்பெனிக்கு லீவு நாள். நான், பாண்டியம்மா, அவள் எல்லாரும் போனோம். அவளுக்கு அந்தச் சம்பளம் ரொம்பத் தேவையாக இருந்தது.

டைரக்டர் தம்பி தாடி வைத்திருந்தார், மரியாதையான பிள்ளை. "அம்மா, ரொம்ப சிம்பிள். வெடிச் சத்தம் கேக்கும். புகை வரும். நீங்க எல்லாரும் கத்துங்க, அழுங்க. ஆனா இடத்த விட்டு நகரக் கூடாது. ஹீரோ கூரையப் பிச்சுகிட்டு இறங்குவாரு. ஒவ்வொருத்தரா வெளிய கொண்டுபோவாரு. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று எல்லாரும் சொன்னோம்.

மேலே கயிற்றில் அந்த ஹீரோத் தம்பியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நீல நிறத்தில் ரப்பர் சட்டை, ரப்பர் கால்சட்டை, எங்கள் ஊர் வெயிலில் உள்ளே அவிந்துகொண்டிருந்தார். ஒருத்தர் கத்தினார். வெடி வெடித்தது. புகை வந்தது.

ஹீரோ இறங்கிப் பார்த்தபோது அறையில் ஒரு ஈ காக்கா இல்லை.

இருபது பேரும் வெளியே புளியமரத்தடியில் நின்றோம். முதல் ஆளாக அவள்தான் ஓடினாள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த இருபது பேரும் பட்டாசு வேலைக்காரிகள். சத்தம் கேட்டால் கதவு எங்கே என்று எங்கள் உடம்புக்கே தெரியும். டைரக்டர் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "சூப்பர்ம்மா, பரவால்ல, இன்னொரு தடவை," என்றார். இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, நீங்க வெளிய போயிட்டா அவரு யாரக் காப்பாத்துவாரு?"

அவள்தான் பதில் சொன்னாள். "யாரையும் காப்பாத்த வேண்டாமே தம்பி. எல்லாரும் வெளிய வந்துட்டோம்ல. நல்ல விஷயந்தானே?"

"வெளிய வந்துட்டா படம் இல்லம்மா!"

"அவரு வர்ற வரைக்கும் எதுக்கு நிக்கணும்? கதவு இங்கன இருக்கு."

"கதவு இருக்குன்னு நெனைக்காதீங்க. கதவே இல்லன்னு நெனைச்சுக்கங்க."

"கதவு இல்லாம எப்படித் தம்பி வேலை செய்வாக?" என்று உண்மையாகவே கேட்டாள்.

பாண்டியம்மாவுக்குப் பசி. "ஏய், சும்மா நின்னு தொலையேன். பிரியாணின்னு சொன்னாக, ஆறிப்போயிரும்," என்று அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். மேலே ஹீரோத் தம்பி கயிற்றில் தொங்கியபடியே, "அண்ணே, என்னைய இறக்குங்கண்ணே," என்று கெஞ்சினார். அவளுக்குப் பொறுக்கவில்லை. "பாவம், அந்தப் பிள்ளைய முதல்ல இறக்குங்கய்யா, இடுப்பு அத்துப்போகும்," என்று அவளே போய்க் கயிற்றைப் பிடித்தாள். அவர் இறங்கியதும் தன் தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தை அவருக்குக் கொடுத்தாள். அவர் மூச்சு விடாமல் குடித்தார்.

நாலாவது தடவைக்கு அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாருக்கு அந்த யோசனை வந்ததோ, வெளியே இருந்து கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். சும்மா கொக்கியில் மாட்டியதுதான், பூட்டுக்கூட இல்லை. அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நேராகக் கதவிடம் போனாள். இரண்டு கையாலும் அடித்தாள்.

"தொறங்கலே!"

அவள் வாயில் 'லே' என்று ஒரு மரியாதையில்லாத சொல் நான் அதுவரை கேட்டதில்லை. திறந்தார்கள். வெளியே வந்தாள். சங்கிலியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"உள்ள ஆளு இருக்கும்போது கதவ வெளிய பூட்டுறது சினிமாவுக்குக்கூட ஆகாது. இனி ஒருத்தியும் உள்ள போகக் கூடாது. போகணும்னா என்னைய மிதிச்சுட்டுப் போங்க."

டைரக்டர் தம்பி எவ்வளவோ சொன்னார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எங்களை அனுப்பிவிட்டார். சாப்பாடு போட்டார்கள், சம்பளம் இல்லை. வரும் வழியெல்லாம் பெண்கள் அவளை ஏசினார்கள். "தானும் தின்ன மாட்டா, அடுத்தவளையும் தின்ன விடமாட்டா." அவள் முன்னால் நடந்தாள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. கதவைப் பூட்டியது தப்பு என்றும் தெரிகிறது. பொய்யான தீக்கு இவ்வளவு பிடிவாதமா என்றும் தோன்றுகிறது. இதில் எந்தப் பக்கம் நான்?

அந்தப் படம் பிறகு வந்தது. என் மகள் போனில் காட்டினாள். எங்களுக்குப் பதிலாக மதுரைப் பக்கத்திலிருந்து வேற பெண்களைக் கூட்டிவந்து எடுத்திருக்கிறார்கள். நன்றாக அழுதுகொண்டு நின்றார்கள், ஹீரோ வந்தார், தூக்கிப் போனார். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், எதற்கு விட்டுவைத்தார்களோ, அவர் கூரை வழியாக இறங்கி, ஆளில்லாத அறையில் நின்று, அங்கேயும் இங்கேயும் திரும்பிப் பார்க்கிற அந்தத் துண்டும் இருந்தது. "ஏம்மா இவரு முழிக்காரு?" என்றாள் மகள்.

சினிமாச் சம்பளமும் போன பிறகு நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலை அடைத்துக்கொண்டு கட்டில் கிடந்தது. அதில் அவள் வீட்டுக்காரர், கால் தெருப்பக்கம். "வாங்க தங்கச்சி, சாப்பிட்டீகளா?" என்றவர், நான் கட்டில் காலைப் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். கட்டில் காலுக்குச் சக்கரம் வைத்து வெல்டிங் அடித்திருந்தது.

"இவ பண்ணுன வேலை. தீ கீ புடிச்சா என்னைய விட்டுட்டு ஓடிருவாள்னு ஊரே சொல்லுதுல்ல. அதான் தள்ளிகிட்டே ஓடுறதுக்கு."

அவள் உள்ளே அடுப்பில் இருந்தாள், கேட்காத மாதிரி. நான் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது எனக்கு ஏதாவது விளங்கியிருக்கணும். விளங்கவில்லை. இந்த வீட்டுக்கு எப்படியாவது வேலையை வாங்கிக் கொடுக்கணும் என்றுதான் தோன்றியது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அம்மன்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டுக்காரருக்குக் கோபம் என்றாலும் நான் அவள் காலில்தான் போய் விழுவேன். அம்மன் பேச்சை மீறி ஒரு காலும் ஓடாது என்று நினைத்தேன். மேனேஜரிடம் போனேன்.

"சார், அவ இனிமே ஓட மாட்டா. அம்மன் முன்னால சத்தியம் பண்ணச் சொல்லுதேன். நான் பொறுப்பு."

மேனேஜர் பக்திமான். சீசன் வேறு, திரி வைக்க நல்ல கை கிடைக்கவில்லை. "சத்தியத்த மீறுனா?" என்றார். "மீற மாட்டா சார்," என்றேன்.

கம்பெனிக்குள்ளே வேப்பமரத்தடியில் ஒரு சின்ன அம்மன் உண்டு. தீ என்ற பேச்சே கூடாத இடம் என்பதால் அம்மனுக்கு விளக்கும் இல்லை, சூடமும் இல்லை. பூவும் மஞ்சள் தண்ணீரும்தான் பூசை. எங்கள் பக்கத்தில் சத்தியம் என்றால் சூடத்தை ஏற்றிக் கையால் அடித்து அணைக்கணும். அதற்கு அங்கே வழியில்லை. ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து அவள் கையில் ஊற்றினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மதினி, கால் கேக்குமா?"

"அம்மா சொன்னா கேக்கும்த்தா. சொல்லு."

"இனிமே ஓட மாட்டேன். தாய் மேல ஆணை," என்றாள். அவள் பேரையும் சேர்த்து அம்மனிடம் நான் ஒரு தடவை சொன்னேன். மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் வேன் அவள் தெருவில் நின்றது.

ஓடவில்லை. மூடி விழுந்தது, ஓடவில்லை. காக்கா வந்தது, ஓடவில்லை. சத்தம் கேட்டால் இரண்டு கால் விரலையும் பாயில் ஊன்றி அழுத்திக்கொள்வாள், அவ்வளவுதான். "அடியே, அம்மன் சக்தியப் பாத்தியா," என்று பாண்டியம்மாவே மூக்கில் விரல் வைத்தாள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்குப் பெருமை என்றே சொல்லணும். நானும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். புழுக்கமான மதியம், மழை வருமோ என்று வானம் மூடியிருந்தது. எங்கள் அறைக்கு அடுத்ததற்கு அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி, சுர்ர் என்று.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம்.

உட்கார்ந்திருந்தாள். அதனால் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். இதைத்தான் நான் இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அவள் காதை வைத்துத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். எங்கள் காது எங்களுக்கு மறந்துபோயிருக்கிறது. "அவளே இருக்கா, ஒண்ணும் இருக்காது," என்று பாண்டியம்மா குழாயை எடுத்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் துடிக்கின்றன. ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போட்ட மாதிரி.

"எந்திரித்தா!" என்றேன்.

"சத்தியம் மதினி."

"எந்திரிங்கேன்!"

"தாய் மேல சத்தியம் பண்ணிருக்கேனே மதினி."

எனக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அது சூடம் அணைக்காத சத்தியம்! செல்லாது! ஓடு!"

அவள் கையை எடுத்தாள். அதற்குப் பிறகு நான் பார்த்தது அவள் முதுகைத்தான். நாங்கள் அவள் பின்னால் ஓடினோம், எங்களைப் பார்த்து மற்ற அறைகள். வேப்பமரத்தைத் தாண்டும்போது முதுகில் சூடு அடித்தது, பிறகுதான் சத்தம். சுர்ர் சத்தம் வந்த அறையின் கூரை போனது. அதிலிருந்து பொறி விழுந்து எங்கள் அறையும் போனது. முதலில் பற்றிய அறையில் இருந்த இரண்டு பேர் கையில் தீக்காயத்தோடு முதலிலேயே வெளியே வந்திருந்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. எல்லாரும் வேலியருகில் நின்று ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பார்த்து அழுதோம்.

அவள் வேலியருகில் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டில், ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

அதோடு அவள் வேலைக்கு வரவில்லை. கம்பெனியும் ரொம்ப நாள் மூடிக் கிடந்தது. ஒரு மாசத்துக்குள் வீட்டுக்காரரையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ.

மனசு கேட்காமல் எங்கள் ஊர்க் கோயில் பூசாரியிடம் ஒருநாள் கேட்டேன், யாருக்கோ நடந்த மாதிரி. சூடம் இல்லாமல் தண்ணீர் ஊற்றிச் செய்த சத்தியம் செல்லுமா என்று. அவர் வெற்றிலையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சொன்னார். "சூடமா இருந்தா என்ன, தண்ணியா இருந்தா என்ன தாயி? வாய் சொன்னது சொன்னதுதான். சூடமா சாட்சி? அம்மன்தானே சாட்சி."

போன வருஷம் புது நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. அவள்தான். மகள் படிப்பு முடியப் போகிறதாம். வீட்டுக்காரர் சவுக்கியமாம். பனியன் கம்பெனியில் வேலையாம். "ஹாலு பெருசு மதினி, கதவு எங்கனயோ இருக்கு," என்று சிரித்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும். கேட்டுரலாம்னுதான் போன் போட்டேன்."

"கேளுத்தா."

"அன்னைக்கு நீங்க சொன்னது நெசந்தானா? அந்தச் சத்தியம் செல்லாதா? இல்ல, நான் தாய் பேச்ச மீறிட்டேனா?"

பூசாரி சொன்னது எனக்கு நாக்கு நுனியில் நின்றது. அவளுக்கு அந்த மகள் ஒன்றுதான். அந்த மனுசன் அந்தக் கட்டிலில்தான். சத்தியம் மீறிய தண்டனை அவர்கள் மேல் விழுமோ என்று காலம் முழுக்கப் பயந்தே கிடப்பாள்.

"செல்லாது," என்றேன். "பூசாரிகிட்டயும் கேட்டுட்டேன். சூடம் இல்லன்னா சத்தியமே இல்லங்காரு."

"நெசமா மதினி?"

"நெசந்தான்."

"அப்பாடி," என்றாள். அவள் மூச்சு விட்டது இங்கே கேட்டது.

போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். வரிசை நீளம். நகர்ந்து நகர்ந்து சன்னதி முன்னால் வந்தேன். அவளுக்கு அந்தக் காலைக் கொடுத்தது தாய்தான் என்றால், தாய் பேரைச் சொல்லியே அதைக் கட்டிப்போட்டது நான். கட்டை அவிழ்க்க வைத்த வார்த்தையை என் வாயில் போட்டதும் தாய்தானா, இல்லை நானாகத் தாயை எதிர்த்துப் பேசினேனா? ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன், பூசாரி பேரில். ஆனால் நாலு வீட்டுப் பிள்ளைகள் அம்மாவோடு இருக்கிறார்கள். மன்னிச்சுக்கோ என்று கேட்பதா, நீதான் காப்பாத்துன என்று கும்பிடுவதா என்று தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அம்மன் முகம் முழுசாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்று வாயில் வருவதற்குள் பின்னால் நின்றவர்கள், "நகருங்கம்மா, நகருங்க," என்றார்கள். நகர்ந்துவிட்டேன்.